உங்களுக்குத் தெரியுமா? கும்பகோணத்தில் குடியேறும் முன்…

ஓய்வுபெற்றதும் சொந்த மண்ணுக்குத் திரும்ப நினைப்பவர்கள், பணிமாறுதலில் வருபவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காகச் சுற்றுக் கிராமங்களிலிருந்து நகர்பவர்கள் என்று கும்பகோணத்தில் வீடு தேடுகிறவர்கள் பலர். அவர்களிடம் எல்லோரும் சொல்வது ‘கோயில் நகரம்’ என்ற இரண்டு சொற்களைத்தான். கோயிலுக்கு வந்து போகிறவருக்கு அது போதும். இங்கேயே குடியிருக்கப் போகிறவருக்கு ஆற்றைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஊரின் சோறு, வெற்றிலை, விளக்கு, சிலை எல்லாமே காவிரி கொண்டுவந்த தண்ணீரிலும் வண்டலிலும் பிறந்தவை.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே

வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் மேட்டில்தான் பழைய ஊர் வளர்ந்தது. அரசலாறு காவிரியின் கிளையாறு. காரைக்கால் அருகே கடலில் கலக்கிறது. வீடு பார்க்கும்போது ‘காவிரிப் பக்கமா, அரசலாற்றுப் பக்கமா’ என்று கேட்டுப் பாருங்கள். ஊர்க்காரர் உடனே வழி சொல்லிவிடுவார்.

பெயரில் ஒரு குடம்

தேவாரத்தில் இந்த ஊருக்குக் குடமூக்கு என்று பெயர். ஆழ்வார்கள் குடந்தை என்றார்கள். இன்றும் கடைப் பலகைகளிலும் திருமண அழைப்பிதழ்களிலும் ‘குடந்தை’ தான். ஊழிப் பெருவெள்ளத்தில் மிதந்து வந்த அமுதக் குடம் இங்கே தங்கியது என்பது தலபுராணம். ஊர் பிறந்த கதையிலேயே வெள்ளம் இருக்கிறது.

ஆற்றுக்கும் நாட்காட்டி உண்டு

கும்பகோணத்துக் காவிரி ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அன்று. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்பட்டு ஜனவரி 28-ல் மூடப்படும். திறந்த தண்ணீர் கல்லணை வந்து, அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, சில நாட்களில் இந்த ஊர்ப் படித்துறைகளைத் தொடும்.

இந்தத் தேதி எல்லா ஆண்டும் நிலைப்பதில்லை. 2022-ல் நீர் நிறைந்திருந்ததால் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் போதிய நீர் இல்லாமல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. பங்குனி, சித்திரையில் வந்து பார்ப்பவருக்கு மணல் திட்டும் நாணலும்தான் தெரியும். அதைப் பார்த்து ‘ஆறு செத்துவிட்டது’ என்று முடிவுகட்டாதீர்கள்.

திருச்சிக் காவிரி வேறு, குடந்தைக் காவிரி வேறு

திருச்சியில் கரை காணாத அகலத்தில் பார்த்த காவிரியா இது என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். காரணம் கல்லணைப் பிரிவும் கொள்ளிடமும். முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம்தான் பெருவெள்ளத்தைச் சுமந்து கடலுக்குக் கொண்டுபோகிறது. பாசனத்துக்கு வேண்டிய அளவே காவிரியில் விடப்படுகிறது. அதனால் இங்கே வரும்போது காவிரி ஒரு பெரிய வாய்க்கால் போல அடக்கமாகிவிடுகிறது. குடிநீருக்கும் இந்த நகரம் காவிரியையும் கொள்ளிடத்தையுமே நம்பியிருக்கிறது. மழைக்காலத்தில் ‘கொள்ளிடத்தில் எத்தனை ஆயிரம் கனஅடி?’ என்று டீக்கடையில் பேச்சு அடிபடுவது இதனால்தான்.

ஆடிப் பதினெட்டில் ஊர் எங்கே இருக்கும்?

பகவத் படித்துறை, சக்கரப் படித்துறை, டபீர் படித்துறை என்று இங்கே ஒவ்வொரு துறைக்கும் ஒரு பெயர். ஆடிப்பெருக்கன்று பெண்கள் காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறும் வைத்துக் காவிரியை வணங்குவார்கள். சிறுவர்கள் சப்பரம் இழுத்துவருவார்கள். சித்ரான்னம் கட்டிக்கொண்டு வந்து கரையிலேயே சாப்பிடுவது வழக்கம். அக்கம்பக்கத்தாருடன் பழகுவதற்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. ஒரு தூக்கில் தேங்காய்ச் சாதம் எடுத்துக்கொண்டு போங்கள்.

1866-ல் நகராட்சி, 2021-ல் மாநகராட்சி

நகராட்சியாகி 155 ஆண்டுகள் கழித்து கும்பகோணம் மாநகராட்சியானது. தாராசுரம் பேரூராட்சியும் அதில் சேர்ந்தது. வார்டுகள் 48. 2022-ல் முதல் மேயராகப் பொறுப்பேற்ற க. சரவணன் ஆட்டோ ஓட்டிப் பிழைத்தவர். ஊரின் சந்து பொந்தெல்லாம் ஆட்டோக்காரருக்கு அத்துப்படி என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நெருக்கமான ஊர்

2011 கணக்கெடுப்பின்படி பழைய நகராட்சி எல்லைக்குள் 1,40,156 பேர். பரப்போ சுமார் 12.6 சதுர கி.மீ. தான். அதாவது ஒரு சதுர கி.மீட்டருக்கு 11,000 பேருக்கு மேல். 1,000 ஆண்களுக்கு 1,021 பெண்கள். தேரோடும் வீதிகள் அகலம். அவற்றிலிருந்து பிரியும் சந்துகள் குறுகல். கார் வைத்திருப்பவர்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன் கார் நிற்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டல் மண் செய்த சிலை

நகரை ஒட்டிய சுவாமிமலையில் ஸ்தபதிகள் முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் காவிரியின் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசுவார்கள். விரல் ரேகை அளவு நுணுக்கத்தையும் அந்த மண் பிடித்துக்கொள்ளும். மேலே சொரசொரப்பான மண்ணையும் பூசிச் சுடும்போது மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பின் அச்சை உடைத்துவிடுவதால் ஒரு சிலைக்கு ஓர் அச்சுதான், இரண்டாவது கிடையாது.

2023-ல் ஜி-20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட 27 அடி உயர நடராஜர் சுவாமிமலையில் வார்க்கப்பட்டவர். எடை சுமார் 18 டன்.

அதே மண், வேறு கைகள்

நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கும் வார்ப்புக்கு உதவுவது ஆற்று மண்தான். அடித்தளம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் பிரபை என்று நான்கு பாகமாக வார்த்து, கடைந்து, மறை போட்டு இணைப்பார்கள். சுவாமிமலைச் சிலைக்கும் நாச்சியார்கோயில் விளக்குக்கும் புவிசார் குறியீடு உண்டு. புதுமனை புகுவிழாவுக்கு விளக்கு வாங்க வேண்டுமானால் கடைத்தெருவில் நின்றுவிடாமல் பத்து கி.மீ. போய்ப் பட்டறையையே பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். காய்ச்சிய பித்தளையைச் சாய்க்கும்போது எழும் அந்த வெளிச்சத்தை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

வெற்றிலைக்கும் முத்திரை

கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அகத்தி மரங்களைப் பற்றிக்கொண்டு ஏறும் கொடிக்கால்களை அய்யம்பேட்டை, ராஜகிரி பக்கம் போகும்போது சாலையிலிருந்தே பார்க்கலாம். வெற்றிலைக் கொடிக்கு ஈரம் வேண்டும். ஆனால் வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. நிழல் வேண்டும், ஆனால் இருட்டு ஆகாது. இந்தப் பதத்தைக் கொடுப்பது ஆற்றோர மண்ணும் வாய்க்கால் நீரும். கொழுந்து வெற்றிலையை வாயில் போட்டுப் பாருங்கள். காரம் மெதுவாக வந்து மெதுவாக அடங்கும்.

நெல்லுக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடம்

ஏ.டி.டி. 36, ஏ.டி.டி. 43 என்ற நெல் ரகப் பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். ஏ.டி.டி. என்பது ஆடுதுறையைக் குறிக்கும். கும்பகோணத்துக்குக் கிழக்கே இருக்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ல் தொடங்கியது. குறுவை, சம்பா, தாளடி என்ற மூன்று நெற்பருவப் பெயர்களைப் புதிதாக வருபவர் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்வது நல்லது. கடைத்தெரு வியாபாரம், கல்யாணச் செலவு, கடன் அடைக்கும் தவணை எல்லாமே இங்கே அறுவடையைப் பார்த்துத்தான் நடக்கும்.

பட்டும் நாகஸ்வரமும்

மயிலாடுதுறை சாலையில் திருபுவனம். பட்டுச்சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஊர். இன்னும் கிழக்கே நரசிங்கம்பேட்டை. ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடைகிறார்கள். அதற்கு 2022-ல் அதே அங்கீகாரம். நாகஸ்வர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காகச் சுருதி குறைத்துச் செய்யப்பட்ட நீண்ட பாரி நாகஸ்வரம் பிறந்தது இந்தச் சிற்றூரில்தான். இப்படிச் சிலை, விளக்கு, வெற்றிலை, பட்டு, நாகஸ்வரம் என்று ஐந்து பொருள்களுக்கான முத்திரை இந்த ஒரு நகரைச் சுற்றியே இருக்கிறது.

டிகிரி காபியில் எது டிகிரி?

பாலின் அடர்த்தியைப் பால்மானி வைத்துப் பார்த்து, தண்ணீர் கலக்காத பாலை ‘டிகிரி பால்’ என்றார்கள். அதில் போட்ட காபி டிகிரி காபி. இப்படித்தான் பெரும்பாலோர் விளக்கம் சொல்கிறார்கள். முதல் டிகாக்ஷனில் போடுவதுதான் டிகிரி என்று வாதிடுபவர்களும் உண்டு. நெடுஞ்சாலையெங்கும் இந்த ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதி விற்கிறார்கள். ஊருக்குள் அது அன்றாடம்: பித்தளை டவரா டம்ளர், அளவான சிக்கரி, மேலே நுரை.

இட்லிக்குச் சாம்பார் மட்டுமா?

பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், கசகசா, சோம்பு அரைத்துவிட்டுச் செய்யும் ‘கடப்பா’ இந்த ஊரின் தனிச்சொத்து. எல்லாக் கடையிலும் எல்லா நாளும் கிடைக்காது. எந்தக் கடையில் என்றைக்கு என்று தெரிந்துகொண்டால் நீங்கள் பாதி ஊர்க்காரர்.

தமிழிலக்கியம் திசை திரும்பிய சந்திப்பு

1854-ல் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் கல்லூரியாக வளர்ந்த அரசு கலைக்கல்லூரி காவிரிக் கரையில் இருக்கிறது. ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்று புகழப்பட்ட கல்லூரி அது. 1880-ல் அங்கே தமிழாசிரியராகச் சேர்ந்தவர் உ. வே. சாமிநாதையர். அதே ஆண்டு முன்சீப்பாக ஊருக்கு வந்திருந்த சேலம் ராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். தான் படித்த நூல்களையெல்லாம் வரிசையாகச் சொன்னார். முதலியாருக்கு அவை போதவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அதுவரை படித்திருக்கவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிய உழைப்பு 1887-ல் சிந்தாமணிப் பதிப்பாக வெளிவந்தது. பின்னாளில் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அச்சேறியது அந்த வழியில்தான். பணிமாறுதலில் ஊருக்கு வந்த ஒருவர் கேட்ட கேள்வி அது. புதிதாக வருபவரால் ஓர் ஊருக்கு என்ன செய்ய முடியும் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஒரு சிறுவன்

கணிதமேதை ராமானுஜன் 1887-ல் பிறந்தது ஈரோட்டில். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். படித்தது டவுன் உயர்நிலைப் பள்ளி. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் மனம் போகாததால் அரசுக் கல்லூரியின் உதவித்தொகையை இழந்தார். அவர் வாழ்ந்த சிறிய ஓட்டு வீட்டைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் காத்துவருகிறது. 2003-ல் அது நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. தெருவைப் பார்த்த ஜன்னலை ஒட்டி அவருடைய கட்டில் கிடக்கிறது. மதிப்பெண் குறைந்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு கவலைப்படும் பெற்றோர் ஒருமுறை அங்கே போய் நிற்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் எழுத்தாளர்

ந. பிச்சமூர்த்தி 1900-லும் கு. ப. ராஜகோபாலன் 1902-லும் இங்கே பிறந்தார்கள். ‘கும்பகோணம் இரட்டையர்’ என்று பெயர் வாங்கினார்கள். பட்டு வியாபாரக் குடும்பத்திலிருந்து வந்த எம். வி. வெங்கட்ராம் ‘காதுகள்’ நாவலுக்காக 1993-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றார். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ நடப்பது இந்தத் தெருக்களில். அதைப் படித்த வாசகர்கள் துக்காம்பாளையத் தெருவைத் தேடிக்கொண்டு இன்றும் வருகிறார்கள்.

கொசுவை எதிர்த்த மருத்துவர்

வேளாண் விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் 1925-ல் பிறந்த ஊர் இது. அவருடைய தந்தை எம். கே. சாம்பசிவன் இங்கே அறுவை மருத்துவர். யானைக்கால் நோய் பரவியிருந்த அந்தக் காலத்தில் கொசு உற்பத்தியாகும் இடங்களைத் தேடித் தேடி அழிக்கப் பொதுமக்களைத் திரட்டியவர். வாய்க்காலும் குளமும் நிறைந்த ஊரில் தேங்கிய நீர் எவ்வளவு பெரிய எதிரி என்பது அப்போதே தெரிந்திருந்தது. வீடு பார்க்கும்போது கூடத்தின் அழகை மட்டும் பார்க்காமல் கொல்லைப்புறத்துச் சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பாருங்கள்.

உள்ளூரில் ஒரு வங்கித் தலைமையகம்

1904-ல் ‘கும்பகோணம் வங்கி’ என்று தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய சிட்டி யூனியன் வங்கி. நாடெங்கும் கிளை பரப்பிய பின்னும் தலைமையகம் கும்பகோணத்திலேயே இருக்கிறது.

சோழன் பஸ்ஸை நினைவிருக்கிறதா?

1972-ல் தொடங்கிய சோழன் போக்குவரத்துக் கழகம் இன்று தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டம். திருச்சி, கரூர், புதுக்கோட்டை, காரைக்குடி, நாகப்பட்டினம் மண்டலங்களும் இதன்கீழ் வருகின்றன. ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டும் சிறப்புப் பேருந்து 2024 முதல் இங்கிருந்து புறப்படுகிறது. வெளியூர் உறவினர்கள் வந்தால் ஒரு நாள் உங்களுக்கு ஓய்வு.

ரயிலும் சாலையும்

1877-லேயே சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி துறைமுகங்களோடு ரயில் பாதையால் இணைந்த ஊர் இது. விழுப்புரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியே போகும் பழைய பாதையை இன்றும் ‘மெயின் லைன்’ என்கிறோம். விமானத்துக்குத் திருச்சி போக வேண்டும், நூறு கி.மீ.க்குச் சற்றுக் குறைவு.

சாலைவழியில் நல்ல செய்தி உண்டு. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்கு வழிச் சாலையில் சேத்தியாத்தோப்பு–சோழபுரம் இடையிலான 50 கி.மீ. பகுதி 2025-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கொள்ளிடத்தின்மேல் ஒரு கி.மீ. நீளத்துக்குப் புதிய பாலமும் அதில் அடக்கம்.

ஆட்சியர் அலுவலகம் 40 கி.மீ. தள்ளி

பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991-ல் நாகப்பட்டினமும் 1997-ல் திருவாரூரும் பிரிந்தன. 2020-ல் நாகையிலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. கும்பகோணத்தைத் தனி மாவட்டமாக்க வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டுகளாக ஒலிக்கிறது. அது நிறைவேறும்வரை ஆட்சியரைப் பார்க்கவும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகவும் தஞ்சாவூருக்குத்தான் பயணம்.

தாராசுரத்தில் வீடு கட்டப் போகிறீர்களா?

இரண்டாம் ராஜராஜன் எடுத்த ஐராவதேசுவரர் கோயில் 2004-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்பதால் அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். மனைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் நாடாவை எடுத்து அளந்துவிடுங்கள்.

மேலே வீடு உங்களுடையது, கீழே மண்?

கோயில் நகரங்களில் ‘அடிமனை’ என்றொரு சொல் புழங்குகிறது. கட்டடம் ஒருவர் பெயரிலும் அதன் கீழுள்ள மனை கோயில் அல்லது மடத்தின் பெயரிலும் இருக்கும்; மனைக்கு வாடகை கட்டிவர வேண்டும். அறநிலையச் சட்டப்படி ஆணையரின் ஒப்புதல் இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம் மூன்றையும் நல்ல வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நகரை ஒட்டிய வயல்களில் மனை வாங்குபவர்கள் நகர ஊரமைப்பு அங்கீகாரத்தையும், அந்த இடத்தில் முன்பு வாய்க்கால் ஏதும் ஓடியதா என்பதையும் பார்க்க வேண்டும். வாய்க்காலைத் தூர்த்த மனைக்கு மழைக்காலத்தில் தண்ணீர் தேடிக்கொண்டு வரும்.

வயலைக் காக்க ஒரு சட்டம்

2020-ல் காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்டது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கும் உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றுக்கும் இங்கே இடமில்லை. பெரிய ஆலை வேலையை எதிர்பார்த்து வருபவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஜன்னலைத் திறந்தால் பச்சை தெரிய வேண்டும் என்பவருக்கு இது உறுதிமொழி.

2028-ல் உங்கள் வீட்டுக்கு எத்தனை விருந்தினர்?

பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை மகாமகம். சென்ற முறை 2016 பிப்ரவரி 22, அடுத்தது 2028-ல். ஆறு ஏக்கருக்குச் சற்றே கூடுதலான குளம், சுற்றிலும் 16 மண்டபங்கள். அதற்கு ஒரே நாளில் லட்சக்கணக்கானோர் வருவார்கள். 1992-ல் நெரிசலில் சுமார் 50 பேர் உயிரிழந்தார்கள். மூத்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முந்தைய நாட்களிலேயே நீராடும் ஏற்பாட்டைச் செய்துவையுங்கள். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு வழிகாட்டி நீங்கள்தான்.

94 விளக்குகள்

2004 ஜூலை 16. இந்த ஊரில் ஒரு தனியார் பள்ளியின் கீற்றுக்கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் பெற்றோர்கள் பிள்ளைகளின் படத்தின் முன் விளக்கேற்றுகிறார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக்கூரை ஒழிந்தது அதன் பிறகுதான். தீயணைப்புக் கருவி, அகலமான வெளியேறும் வழி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று நாட்டின் எல்லாப் பள்ளிகளுக்குமான விதிகளை 2009-ல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியதும் இந்தக் குழந்தைகளை முன்வைத்துத்தான்.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பள்ளியில் முதலில் மாடிப்படியைப் பாருங்கள். எத்தனை வழி, எவ்வளவு அகலம், கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், இந்த ஊரில் அப்படிக் கேட்பவரை யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

இரண்டு முறை வாருங்கள்

வீடு முடிவு செய்வதற்கு முன் இந்த ஊருக்கு இரண்டு முறை வர வேண்டும். ஒருமுறை பங்குனியில். வெயிலில் காயும் ஆற்று மணலில் இறங்கி நடந்து, யார் வீட்டுக் குப்பையும் யார் வீட்டுச் சாக்கடையும் அங்கே வந்து சேர்கின்றன என்று பாருங்கள். மறுமுறை ஆடியில். அதே இடத்தில் படியைத் தொட்டுக்கொண்டு ஓடும் தண்ணீரில் கை நனையுங்கள்.

பங்குனியில் பார்த்ததை மாற்ற வேண்டும் என்று ஆடியில் உங்களுக்குத் தோன்றினால், தயங்காமல் வீட்டுக்கு முன்பணம் கொடுங்கள். ஊருக்கு உங்களைப் போன்றவர்கள் வேண்டும்.